நூற்றுக்கு நாலு

"அண்ணா, மறுபடி நின்னுடுச்சுண்ணா."

எண்ணூர் பக்கத்து கன்டெய்னர் யார்டிலிருந்து இந்த போன் வந்தால், திருவொற்றியூர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கும் அவர் பைக் சாவியை எடுத்துவிடுவார். யார்டு கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் பெட்டிகளைக் கணினியில் பதிவு செய்யும் பெண்ணின் குரல் அது. அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும்.

"இப்ப நல்லாத்தானேம்மா இருக்கு?"

அவர் சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் மேனேஜர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. லைன் நன்றாக இருக்கிறது என்றால், தப்பு அந்தப் பெண்ணுடையது. திரை உறைந்து நிற்கும்போது பதிவானதா இல்லையா என்று தெரியாமல் அவள் மறுபடி அழுத்துவாள். ஒரே பெட்டி இரண்டு முறை பதிவாகிவிடும். கணக்கு இடிக்கும், டிரெய்லர் கேட்டில் நிற்கும், டிரைவர் ராத்திரி கேபினிலேயே படுப்பார். கவனக்குறைவு என்று அவளுக்கு இரண்டு மெமோ கொடுத்தாகிவிட்டது.

இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர். ரோட்டைத் தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுகிறது என்று, இரு பக்கமும் ஆன்டெனா வைத்து 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இணைத்திருந்தார்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டரை மாற்றினார். கேபிளை மாற்றினார். ரவுட்டரையும் மாற்றினார். நாலு நாள் ஒழுங்காக ஓடும், பிறகு பழைய கதைதான்.

கடைசியில் 'பிங்' ஓடவிட்டார். 1983 டிசம்பரில் அமெரிக்காவின் மைக் மூஸ் எழுதிய சின்ன புரோகிராம் அது. கப்பலின் சோனார் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போல, எதிர்முனைக்கு ஒரு பாக்கெட் அனுப்பி, அது திரும்புகிறதா என்று பார்க்கும். பெயரும் அந்தச் சத்தத்திலிருந்து வந்ததுதான். பகல் இரவு பாராமல் ஓடவிட்டு, நேரத்தோடு பதிவு செய்தார். அவளிடமும் ஒரு நோட்டு கொடுத்தார். "எப்ப நின்னாலும் மணியைக் குறிச்சு வைம்மா."

இரண்டு வாரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவள் குறித்த நேரங்களில் எல்லாம் நூற்றுக்கு நாலு பாக்கெட் திரும்பவில்லை. நாலுதானே என்று விட முடியாது. பாக்கெட் தொலைந்தால், வழியில் நெரிசல் என்று நினைத்து அனுப்பும் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாலு லாரி மக்கர் செய்தால் எண்ணூர் ஹைரோடு முழுக்க நிற்பதைப் போலத்தான்.

ஆனால் ஏன் சில நாள் மட்டும்? நோட்டைப் புரட்டிக்கொண்டே அவள்தான் சொன்னாள். "கப்பல் வந்த நாளாப் பாத்துதாண்ணா இப்படி ஆவுது. அன்னிக்குத்தான் நடுவுல இருக்கிற யார்டுல பெட்டியை மேல மேல அடுக்குறாங்க."

இருவரும் மாடிக்கு ஏறினார்கள். எதிர்முனை ஆன்டெனா இருக்கும் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தது. பாதி வழியில் இருந்த வேறொரு யார்டில் பெட்டிகள் ஐந்து அடுக்கு. ரீச் ஸ்டேக்கர் இன்னொரு பெட்டியை அதற்கும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் ரேடியோ அலைக்குப் போதாது. நேர்கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்த ஒரு வெள்ளரிக்காய் வடிவத்துக்கு இடம் வேண்டும். பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிரெனெல் பெயரால் அதை ஃபிரெனெல் மண்டலம் என்பார்கள். 4 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் அதன் ஆரம் சுமார் 7 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 4 மீட்டருக்குச் சற்று மேல், தடையில்லாமல் இருக்க வேண்டும்.

அவர் கணக்குப் போட்டார். நடுவழியில் அலை போகும் உயரம் தரையிலிருந்து 16 மீட்டர். ஒரு சாதாரண கன்டெய்னரின் உயரம் 8.5 அடி, அதாவது 2.6 மீட்டர். நாலு அடுக்கு என்றால் 10.4 மீட்டர், தொல்லையில்லை. ஐந்து அடுக்கு என்றால் 13 மீட்டர். மிச்சம் 3 மீட்டர்தான். அதற்கு மேல் ஒரு பெட்டி தொங்கினால் அலை நேராகவே முட்டும். பெட்டிகளை லாரியில் ஏற்றியதும் வழி திறந்துவிடும். அவர் போய்ப் பார்த்த நேரமெல்லாம் அப்படித் திறந்திருந்த நேரம்தான்.

யார்டு பக்கத்துக் கம்பத்தை 6 மீட்டர் உயர்த்தினால் நடுவில் 3 மீட்டர் கூடும். அது போதும். 2016 டிசம்பரில் அடித்த வர்தா புயலை நினைத்து, கம்பத்துக்கு நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டச் சொன்னார்.

வேலை முடிந்த அன்று, பிங் பதிவையும் அவளுடைய நோட்டையும் மேனேஜர் மேஜையில் வைத்தார். "சார், இந்தப் பொண்ணு சொன்ன ஒரு நேரம்கூட தப்பில்ல. ஒழுங்கா பாக்காம, நல்லா இருக்குன்னு சொன்னது நான்தான்."

மேனேஜர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. ஆனால் ஃபைலைத் திறந்து, இரண்டு மெமோவையும் உருவிக் கிழித்தார்.

இப்போதும் அந்த போன் வருகிறது.

"அண்ணா, இன்னிக்கு அஞ்சு அடுக்கு."

"லைன் எப்படிம்மா இருக்கு?"

"ஓடுதுண்ணா. சும்மா சொல்லலாம்னுதான்."

அவர் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்.