தாடை வளர்ந்த கதை

பல் போனால் சொல் போச்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. பல்லைத் தொடர்ந்து தாடையும் போய்விடும் என்பதை மட்டும் அதைக் கண்ட பெரியவர் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்.

கீழ்வரிசை முன்பற்கள் நான்கையும் நான் இழந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. உபாத்தியாயர் தொழிலில் இருப்பவனுக்கு இது சாமானிய நஷ்டமல்ல. வகுப்பில் சற்று உரக்கப் படித்தால் போதும். கட்டுப்பல் எழும்பி நர்த்தனமாடும். பையன்கள் மரியாதைக்காகச் சிரிக்காமலிருந்தார்கள். அதுதான் எனக்கு அதிக வேதனையாயிருந்தது.

டைட்டானிய ஆணியைத் தாடையில் ஊன்றி, அதன்மேல் பல்லைப் பொருத்தும் முறையை 1965-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்துப் பிரோனெமார்க் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார். அந்த நம்பிக்கையுடன் பல் வைத்தியரிடம் போனேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவர், "ஸார், ஆணி நட நிலம் வேண்டுமே! உங்களுக்கு அது கரைந்துபோயிருக்கிறது" என்றார். மெல்லும்போதெல்லாம் பல்லின் வேர் எலும்புக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. வேர் போனதும் வேலையில்லாத எலும்பைச் சரீரம் சிறிது சிறிதாகத் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுகிறது. எவ்வளவு கண்டிப்பான எஜமான் பாருங்கள்!

கரைந்ததை மீண்டும் வளர்க்கும் உபாயம் ஸைபீரியாவிலிருந்து வந்தது. அங்கே குர்கான் பிரதேசத்தில் காவ்ரில் இலிஸாரோவ் என்ற வைத்தியர் 1950-களின் தொடக்கம் முதல், முறிந்த கால்களை வளையங்களாலும் கம்பிகளாலும் பிணைத்துச் சிகிச்சை செய்துவந்தார். அறுத்த எலும்பின் இரு முனைகளையும் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கிக்கொண்டே போனால், இடைவெளியில் புது எலும்பு தோன்றுவதை அவர் கண்டார். அவசரப்பட்டு இழுத்தால் வெறும் நார்த் தசைதான் மிஞ்சும். அதிகமாகத் தாமதித்தால் முனைகள் முன்னதாகவே ஒட்டிக்கொண்டுவிடும். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரந்தாண்டித் தங்கப் பதக்கம் பெற்ற வலேரி புரூமெல், மறுவருஷமே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல ரண சிகிச்சைகள் பயன்படாமற்போன பின், இவரிடந்தான் வந்தார். மறுபடியும் தாண்டினார். அப்படியிருந்தும் மேல்நாட்டு வைத்தியர்கள் 1981-ல் இலிஸாரோவ் இத்தாலியில் பேசிய பிறகே இதைப் பெரிதாகக் கவனித்தனர். தாடை குறுகிப் பிறந்த குழந்தைகளுக்கு இம்முறையைக் கையாண்டதை 1992-ல் நியூயார்க் வைத்தியர் மக்கார்த்தி வெளியிட்டார். பல் மேட்டை உயர்த்த இதைப் பிரயோகித்ததை 1996-ல் சின், டோத் என்ற இருவர் எழுதினர்.

என் தாடையில் பெட்டி வடிவில் ஒரு துண்டை அறுத்தார்கள். ஆனால் நாக்குப் பக்கத்து ஈறிலிருந்து அதைப் பிரிக்கவில்லை. அவ்வழியே ரத்தம் ஓடினால்தான் துண்டு பிழைக்கும். சிறு கருவியொன்றை முடுக்கினார்கள். அதன் தண்டு ஈற்றுக்கு வெளியே முளைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஏழு நாள் சும்மா விட்டார்கள். பிறகு காலையும் மாலையும் அரை மில்லிமீட்டராகத் திருகவேண்டும். திருகியவள் என் மனைவி. முதல் நாள் அவள் கை நடுங்கிற்று. "வலிக்கிறதா?" என்று கேட்டாள். வாயைத் திறந்துகொண்டு எப்படிப் பதில் சொல்வது? வலி என்று சொல்வதற்கில்லை. உள்ளே ஒரு இறுக்கம், அவ்வளவே. எட்டு நாளில் எட்டு மில்லிமீட்டர் உயர்ந்தது. எலும்புடன் ஈறும் கூடவே வளர்ந்தது. வேறிடத்து எலும்பை எடுத்து ஒட்டும் முறையில் இந்தச் சௌகரியம் கிடைப்பது கடினம்.

எல்லாம் சுகமாகவே நடந்ததென்று எண்ணவேண்டாம். உயர்ந்த துண்டு நாக்குப் பக்கம் சாயத் தொடங்கிற்று. இம்முறையில் அடிக்கடி நேரும் தொந்தரவு இது. பக்கத்துப் பற்களில் கம்பி கட்டி வைத்தியர் அதை நிமிர்த்தினார். இக்காரணத்தாலேயே இன்று பல வைத்தியர்கள் எலும்பு ஒட்டுவதையே விரும்புகிறார்கள். பொறுமையில்லாதவருக்கும், வீட்டில் திருக ஆளில்லாதவருக்கும் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

புது எலும்பு கெட்டிப்பட மூன்று மாதம் காத்திருந்தோம். பிறகு கருவியை எடுத்துவிட்டு இரண்டு ஆணிகளை ஊன்றியிருக்கிறார்கள். அவற்றை எலும்பு பற்றிக்கொண்டதும் பல் பொருத்துவார்கள். அதுவரை கரும்பலகையில் எழுதிக் காட்டியே பாடம் நடத்துகிறேன்.