கலரா, கறுப்பு வெள்ளையா?

இந்த மாசம் வரிசையா மூணு படிச்சேன். ரத்தப் படலம், ஒரு டெக்ஸ் வில்லர், அப்புறம் நம்ம இரும்புக்கை மாயாவி. மூணுமே சிவகாசி சரக்குதான்.

ரத்தப் படலம் ரெண்டு விதமா இருக்கு என்கிட்ட. 2010-ல வந்த கறுப்பு வெள்ளை குண்டு புக்கு, 2018-ல வந்த கலர் பதிப்பு. வான் ஹாம் கதைக்கு வான்ஸ் வரைஞ்சது கலரை மனசுல வெச்சுத்தான். கறுப்பு வெள்ளைல அந்தப் பக்கங்கள் வெளுத்துப் போன மாதிரி இருக்கு. இதுல கலர்தான் ஜெயிக்குது.

அதுக்காக எல்லாத்துக்கும் கலர் பூசச் சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துவரலை. டெக்ஸ் 1948-லிருந்து இத்தாலியில கறுப்பு வெள்ளைலயே வளர்ந்தவர். 1972-ல முத்து காமிக்ஸோட முதல் இதழே மாயாவிதான். மின்சாரம் பாய்ஞ்சதும் உடம்பு மறைஞ்சு கை மட்டும் மிதக்கும். ஜீசஸ் பிளாஸ்கோவோட கன்னங்கரேல் நிழல் இல்லைன்னா அதுல என்னங்க பயம் இருக்கு?

திருப்பூர்க்காரனுக்கு இது சட்டுனு புரியும். எவ்வளவு பளபளன்னு இருந்தாலும், கேட்ட ஷேட் வரலைன்னா பையர் பீஸைத் திருப்பி அனுப்பிடுவார்.

இன்னொண்ணு, கலர் ஏறினா விலையும் ஏறும். சனிக்கிழமை பனியன் கம்பெனி சம்பளம் வாங்கிட்டு வர்ற அப்பா, பையனுக்கு ஒரு புக்கு வாங்கிக் குடுக்க முடியணும். இல்லைன்னா நம்ம வயசு ஆளுங்களோட இந்தப் பழக்கம் முடிஞ்சு போயிடும். கறுப்பு வெள்ளைய விட்டுடாதீங்க சாமி!