வெளியேறும் காற்றுக்கு யார் பொறுப்பு?

பொன்முடிக்குப் போகும் சாலையில் விதுரையைத் தாண்டினால் கல்லாறு. திருவனந்தபுரத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உருண்டைப் பாறைகளுக்கிடையே குளிக்க வரும் இடம். மகள் வீட்டோடு இங்கே வந்து தங்கிவிட்ட முதியவர் ஒருவருக்கு ஆற்றைவிடக் காற்றின் மீதுதான் கவனம். கோலார் தங்க வயலில் சுரங்கக் காற்றை அளப்பது அவர் வேலையாக இருந்தது. மலையிலிருந்து காற்று இறங்கினால், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பேரப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை.

தங்க வயலில் அது உயிர் விஷயம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்த அந்த மண்ணில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், அங்கே நின்று துளை போட முடிந்ததென்றால் மேலிருந்து குளிரவைத்து இறக்கப்பட்ட காற்றுதான் காரணம்.

அதற்கான விதிகள் கறாரானவை. ஈரக்குமிழ் வெப்பமானி 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30.5ஐத் தாண்டினாலே காற்று வினாடிக்கு 1 மீட்டராவது நகர வேண்டும். ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தூசுக்குத் தனிக் கணக்கு: அதில் சிலிக்கா 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 15ஐ அந்தச் சதவீதத்தால் வகுக்க வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றில் அத்தனை மில்லிகிராம் தூசுதான் இருக்கலாம். சிலிக்கா 30 சதவீதம் என்றால் அரை மில்லிகிராம், அவ்வளவே. சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலைச் சரிசெய்ய மருந்தில்லை என்பதால் இந்த வகுத்தல் கணக்கை முதியவர் இன்றும் மறக்கவில்லை.

இதெல்லாம் உள்ளே இருக்கும் காற்றுக்கு. 2025 வரை நடப்பிலிருந்த 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் இரண்டுக்கும் அதுவே அக்கறை. ஆனால் உறிஞ்சிய காற்று எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? வெடிப்புகை, தூசு, நிலக்கரிச் சுரங்கமாக இருந்தால் மீத்தேன் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஷாஃப்டின் வாயைத் தாண்டிய அந்த நொடியில் சட்டமும் மாறிவிடுகிறது. அங்கே 1981ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டம். அதன் 21ஆம் பிரிவின்படி, காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் மாநில வாரியத்தின் இசைவு இல்லாமல் தொழிற்கூடம் நடத்த முடியாது.

வாரியங்களுக்குப் பழக்கமானது புகைபோக்கி. அதற்கு உயரம் உண்டு, மாதிரி எடுக்க ஒரு துளை உண்டு. சுரங்க விசிறியோ பிரம்மாண்டமான அளவு காற்றில் கொஞ்சூண்டு மாசைக் கரைத்து ஊதித் தள்ளுவது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று 2000இல் வந்த தர அளவுகளும் தூசு கிளம்பும் இடத்திலிருந்து 500 மீட்டரில் சுற்றுப்புறக் காற்றை அளக்கத்தான் சொல்கின்றன.

மீத்தேன் விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 1965இல் தோரி நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 268 பேர் இறந்தார்கள். சுரங்கத்திலிருந்து திரும்பும் காற்றில் மீத்தேன் 0.75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி சொல்வது இப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்கத்தான். ஆகவே விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். கீழே ஆள் பிழைப்பான். வாயு வானத்துக்குப் போகும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு சூடேற்றக்கூடியது. ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் கிளிஃப் சுரங்கத்தில் 2007இல் இந்த நீர்த்த மீத்தேனை எரித்தே மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். ஐரோப்பிய யூனியன் 2024இல் போட்ட சட்டம் இன்னும் கண்டிப்பானது. அனல் நிலக்கரிச் சுரங்கங்கள், 1,000 டன் நிலக்கரிக்கு 5 டன்னுக்கு மேல் மீத்தேனை 2027 முதல் ஷாஃப்ட் வழியே விடக் கூடாது. விசிறியின் வாயிலேயே எண்ணைக் கட்டுவது இதுதான். இங்கே அப்படி ஒன்று வர நாளாகும் போலிருக்கிறது.

தங்க வயலில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இயங்கும் ஆலை இல்லை, ஆகவே புதுப்பிக்க இசைவும் இல்லை. ஆனால் தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய பாறைமாவு 13 குன்றுகளாக நிற்கிறது. சுமார் 3.3 கோடி டன். சயனைடு மலை என்பது உள்ளூர்ப் பெயர். காற்றுக் காலத்தில் அது எழும்பி லைன் வீடுகளுக்குள் இறங்கும். கல்லாற்றிலிருந்து முதியவர் தம்பிக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது காற்று எந்தப் பக்கம் என்பதைத்தான். கீழே ஒரு மில்லிகிராமுக்குக் கணக்குக் கேட்ட அதே சிலிக்கா, மேலே கேட்பாரில்லாமல் பறக்கிறது.

அந்தக் குன்றுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதித்தது. எடுப்பவர் வந்து தோண்டத் தொடங்கினால் தொழிற்கூடம் என்று ஒன்று இருக்கும், இசைவில் கையெழுத்துப் போட ஓர் ஆள் இருப்பார். அதுவரை மாரிகுப்பத்தில் காற்றடித்தால் ஜன்னலைச் சாத்துவது வீட்டுக்காரர் பொறுப்பு.