ஓட ஓட உதிரும் பாட்டு

புதுசா எதையாவது கேட்டால் நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. லேட்டஸ்ட், அமெரிக்கர் வில்லியம் பாஸின்ஸ்கி. 1980-களில் பதிவு செய்த டேப்புகளை 2001-ல் டிஜிட்டலுக்கு மாற்றினார். ஓட ஓட, டேப்பின் காந்தப் பூச்சு உதிர்ந்தது. மனிதர் நிறுத்தவில்லை. ஒரே துண்டு இசை சுற்றிச் சுற்றித் தேய்ந்து அடங்குவதை அப்படியே பதிவு செய்து, 2002-ல் 'தி டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்' என்று வெளியிட்டார்.

ஆபீஸ் நண்பன் காதில் மாட்டினேன். "ரிப்பேர் டேப்பெல்லாம் பாட்டாடா?" என்றான்.

மறுநாள் லஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"முழுசா கேட்டேன்டா. அப்பா பாடின கேசட் ஒண்ணு வீட்ல இருக்கு. அவர் போனதுக்கப்புறம் போடவே பயம். ஒரே தடவைதான் ஓடும்னா?"

"ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு ஓட்டு" என்றேன்.

சனிக்கிழமை போகிறோம்.