மிச்சம் 200

நாங்கள் நாலு பேர் சேர்ந்து போட்ட கவிதைத் தொகுப்பு, 300 பிரதி. வெளியீட்டு விழாவில் நயவுரை, ஏற்புரை எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. என்வலப்போட வந்த மாமாமார் சிறப்புப் பிரதி வாங்கி, படமும் எடுத்திட்டுப் போயிட்டினம். மிச்சம் 200 விடுதிக் கட்டிலுக்குக் கீழ.

முகநூலில் அட்டைப்படம் போட்டோம். லைக் விழுந்தது, புத்தகம் போகேல்ல. 1966இல் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அதைக் கையில் கொண்டு திரிந்தே யாழ்ப்பாணத்தில் விற்றவர். எங்களுக்கோ கன்ரீனில் ஒரு ஆளிட்ட "வாங்குறீங்களோ?" எண்டு கேட்கவே வெக்கம். ஓசியாக் குடுக்க மட்டும் வெக்கமில்லை, அதுதான் பகிடி.

போன கிழமை ஒரு தங்கச்சி நின்ற நிலையிலேயே ஒரு கவிதையை வாசிச்சு முடிச்சிட்டு, "எவ்வளவு அண்ணா?" எண்டா. "சும்மா கொண்டுபோங்கோ" வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிப்போட்டு விலையைச் சொன்னோம். ஐம்பது ரூபா குறைஞ்சது. அடுத்தநாள் தேடி வந்து தந்தா.

இன்னும் 199 கிடக்கு.