கிழவன் சொல்லும் என் விரலும்

வீடியோ விளையாட்டைப் பற்றி எழுத இது இடமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். சினிமாவைப் பற்றியும் இப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் வேறு. கதைசொல்லியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நாவலை வைத்துக்கொண்டு நாம் நிறையவே பேசியாகிவிட்டது. அந்தப் பேச்சிலெல்லாம் வாசகன் சௌகரியமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். பொய் சொல்கிறவனின் பொய்யை வாசகனே தன் கையால் நடத்திக் கொடுக்க வேண்டும் என்று வந்தால்? இந்தக் கேள்வியைச் செய்து பார்த்தது, நான் அறிந்தவரை, ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. 'கால் ஆஃப் ஹுவாரெஸ்: கன்ஸ்லிங்கர்' என்று பெயர். போலந்தின் டெக்லாண்ட் நிறுவனம் செய்து 2013ல் வெளிவந்தது. ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற சின்ன விளையாட்டு.

1910ம் வருஷம். கான்ஸாஸ் மாநிலத்தில் அபிலீன் என்கிற ஊர். ஒரு காலத்தில் டெக்ஸஸிலிருந்து ஓட்டிவந்த மாட்டு மந்தைகள் ரயிலேறிய இடம். கதை சொல்லப்படும்போது அந்தக் காலம் மலையேறிவிட்டது. சைலஸ் கிரீவ்ஸ் என்ற கிழவன் மதுக்கடைக்குள் நுழைகிறான். தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் வாங்கிப் பிழைத்தவன். கிளாஸ் நிரம்புகிறது, கதை ஆரம்பிக்கிறது. பில்லி தி கிட், ஜெஸ்ஸி ஜேம்ஸ், புட்ச் காஸிடி என்று அமெரிக்க மேற்கில் பெயர் எடுத்த அத்தனை பேரோடும் அவனுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. சுற்றிலும் நாலைந்து பேர். டுவைட் என்கிற பையன் வாய் பிளந்து கேட்கிறான். நம்பாதவனும் உண்டு. சொல்வது கிழவன் வேலை. ஓடுவதும் பதுங்குவதும் சுடுவதும் என் வேலை.

இந்த இரண்டும் ஒட்டுகிற இடத்தில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே வழி அடைபட்டு நிற்கிறேன். அப்போதுதான் ஒரு பாதை கண்ணில் பட்டது என்கிறது குரல். பாதை உண்டாகிறது. கேட்பவர்களில் ஒருவன், நான் படித்தது வேறு மாதிரி இருக்கிறதே என்று குறுக்கிடுகிறான். கிழவன் சமாளித்து மாற்றிச் சொல்கிறான். நான் பாடுபட்டு நடத்தி முடித்த காட்சி அப்படியே பின்னால் சுருண்டு போய், வேறு விதமாக மறுபடி தொடங்குகிறது. என் காலடியில் இருப்பது மண் அல்ல, அவனுடைய வாக்கியம். வாக்கியம் தடுமாறினால் நானும் தடுமாற வேண்டியதுதான்.

கைக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் தத்துவம் பேசிக்கொண்டு போவது நியாயமில்லை. நன்றாகவே இருக்கிறது. துப்பாக்கி கையின் பேச்சை உடனே கேட்கிறது. ஆட்களை வீழ்த்த வீழ்த்த ஒரு மன ஒருமை சேர்கிறது. அதைச் செலவழித்தால் காலம் இழுபட்டு நகர்கிறது, எதிரிகள் தனித்துத் தெரிகிறார்கள். உயிர் போகும் தறுவாயில் காலம் கிட்டத்தட்ட நின்றுவிட, என்னை நோக்கி வருகிற ஒற்றைத் தோட்டா தெரிகிறது. இடமோ வலமோ சாய்ந்து தப்பலாம். வேறு விளையாட்டுகளில் இது வெறும் வித்தை. இங்கே அதற்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. இது பெருமை பேசுகிறவனின் காலம். எந்தத் திண்ணையில் உட்கார்ந்த கிழவனும் தன் வீரத்தைச் சொல்லும்போது அந்த நொடியை இப்படித்தான் இழுத்து நீட்டுவான்.

ஒற்றைக்கு ஒற்றை நிற்கிற சண்டைகள் இன்னும் மேல். ஒரு கை, அசைந்துகொண்டே இருக்கும் எதிராளியின் மேல் பார்வையைக் குவித்து வைக்க வேண்டும். மறு கை, இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே விரல்களை நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்றைக் கவனித்தால் மற்றது நழுவுகிறது. அவன் உருவுவதற்கு முன் நான் உருவிவிட்டாலும் அவன் சாவான். ஆனால் அது மானமில்லாத கொலை என்று கணக்கில் ஏறிவிடும். காத்திருந்தால் நான் சாகலாம். கோழைத்தனத்துக்கும் சாவுக்கும் இடையே இரண்டு கைகளையும் ஒருசேர அடக்கிக்கொண்டு நிற்கிற அந்த அவஸ்தையைச் சண்டைப் படங்கள் எனக்குக் கொடுத்ததில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. எதிரிகள் அலையலையாக வந்து விழுகிறார்கள். முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மறைவில் நின்றுகொண்டு குண்டு மழை பொழிகிற தலைவர்களோடு மோதுகிற கட்டங்கள் அலுப்பு. பெண்கள் அநேகமாக இல்லாத உலகம்.

என்னை உறுத்துவது இவை அல்ல. ஒரு கட்டத்தில் அபாச்சிகள் பாய்ந்து வருகிறார்கள். சுடுகிறேன், விழுகிறார்கள். பிறகு கிழவன் திருத்துகிறான்: வந்தவர்கள் அபாச்சிகள் என்று அவன் சொல்லவே இல்லையாம், அபாச்சிகளைப் போல வந்தார்கள் என்றுதான் சொன்னானாம். உடனே அவர்கள் இருந்த இடத்தில் வெள்ளைக்காரக் கொள்ளையர்கள். ஒரு உவம உருபு காதில் விழாததால் அத்தனை பேர் செத்துப் போனார்கள். இப்போது அவர்கள் சாகவும் இல்லை, இருந்ததே இல்லை. முதல் தடவை ஆடும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. மிக நல்ல நகைச்சுவை அது. இரண்டாவது தடவை விரல் கொஞ்சம் தயங்கியது. சொன்னவன் சொல்லை வாபஸ் வாங்கிக்கொண்டான். சுட்ட விரலை வாபஸ் வாங்க வழி இல்லை.

கதை சொல்லப்படுகிற வருஷத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெரோனிமோ 1886ல் சரணடைந்தார். அவரோடு சிரிகாஹுவா அபாச்சிகள், பெண்கள் குழந்தைகள் உட்பட, ரயிலேற்றப்பட்டு ஃப்ளோரிடாவுக்குப் போர்க் கைதிகளாக அனுப்பப்பட்டார்கள். ஜெரோனிமோ 1909ல் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் ஸில்லில் கைதியாகவே இறந்தார். மற்றவர்களுக்கு விடுதலை கிடைக்க 1913 ஆயிற்று. ஆக, அபிலீன் மதுக்கடையில் கிழவன் வாய் திறக்கிற 1910ல் அவர்கள் இன்னும் கைதிகள். அடுத்த மாநிலத்தில் உயிரோடு சிறைப்பட்டிருக்கிற ஒரு ஜனம் இங்கே ஒரு உவமையாகிவிட்டது. இதை விளையாட்டு வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் உண்மையான மனிதர்கள் உவமையாகிற அந்தக் கணத்தை என் கையாலேயே செய்ய வைத்துவிட்டது. கண்டனக் கட்டுரை எதுவும் இவ்வளவு தூரம் உள்ளே வந்ததில்லை.

உண்மைக்கும் இதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வழியை விட்டு விலகிய மூலைகளில், மரத்துக்குப் பின்னால், வண்டிக்கு அடியில், சிறு துணுக்குகள் கிடக்கின்றன. எடுத்தால் சம்பந்தப்பட்டவரின் நிஜ வரலாறு நாலு பத்தி படிக்கக் கிடைக்கும். பில்லியை 1881 ஜூலையில் ஃபோர்ட் சம்னரில் சுட்டுக் கொன்ற பாட் காரட் என்ற ஷெரிஃப், மறு வருஷமே பில்லியின் மெய்யான சரித்திரம் என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் பெரும்பகுதியை எழுதியது ஆஷ் அப்ஸன் என்ற பத்திரிகைக்காரர். கொன்றவனே சரித்திரக்காரன், அவனுக்கும் ஒரு கூலி எழுத்தாளன். பத்து சென்ட் கதைப் புத்தகங்கள் 1860லேயே அங்கே வியாபாரத்துக்கு வந்துவிட்டன. 1948ல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர் பிற்பாடு சிவகாசி அச்சில் தமிழ் பேசினார்; நம்மில் பலருக்கு மேற்கு தெரிந்தது அந்த வழியாக. இத்தாலிக்காரர் லியோனே 1964ல் ஸ்பெயின் மண்ணில் மேற்கைப் படம் பிடித்தார். அரை நூற்றாண்டு கழித்துப் போலந்துக்காரர்கள். மேற்கு என்பது முதலிலிருந்தே கேள்விப்பட்டவர்கள் கட்டிய ஊர். இந்த விளையாட்டு அதை மறைக்கவில்லை.

மறைக்கிற விளையாட்டுக்கு உதாரணம், எல்லோரும் கொண்டாடுகிற 'ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2'. 2018ல் வந்தது. 1899ல் நடக்கிறது. துப்பாக்கிக்கு எண்ணெய் போட வேண்டும், இழுப்பறையை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், குதிரையைத் தடவிக் கொடுக்க வேண்டும். சேறு சேறாகவே இருக்கிறது. காசநோயில் இருமி இருமித் தேய்கிற அதன் நாயகன் ஆர்தர் மார்கனை எனக்கு மறக்க முடியாது. அது பெரிய படைப்புத்தான். ஆனால் கதைக் கட்டம் ஒன்றில் குறித்த வழியை விட்டு நாலடி விலகினால், நீ தோற்றாய் என்று ஆட்டத்தை நிறுத்திவிடுகிறது. அங்கேயும் ஒருவன் கதை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். முகத்தைக் காட்டாமல் சொல்கிறான், அவ்வளவுதான். கன்ஸ்லிங்கரும் என்னைக் குறுகிய பாதையில்தான் ஓட்டிச் செல்கிறது. அதைச் செய்கிற வாய் எது என்று அதில் எனக்குத் தெரியும்.

அந்த வாய் இல்லாமலும் ஆடிப் பார்க்கலாம். கதையை நீக்கிவிட்டுச் சுட்டுப் புள்ளி சேர்க்கிற பகுதி ஒன்று தனியாக இருக்கிறது. அதே துப்பாக்கி, அதே வேகம். சுடுவது அங்கே வெறும் சுடுவதாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் கை வலித்தது, வேறொன்றும் நேரவில்லை.

கடைசியில், கேட்டுக்கொண்டிருந்தவர்களிலேயே ஒருவன், பென் என்று பெயர் சொல்லிக்கொண்டவன், கிழவனின் சகோதரர்களைக் கொன்றவர்களில் எஞ்சியவன் என்று தெரிய வருகிறது. இத்தனை வருஷமும் தேடி அலைந்தது இவனைத்தான். பழி வாங்குவதா, விட்டுவிடுவதா என்பது என் கையில். இங்கே கதை முடிந்து நிகழ்காலம் வந்துவிடுகிறது. இதுவரை நான் கொன்ற நூற்றுக்கணக்கானவர்களை ஒரு 'போல' போட்டுக் கிழவன் காப்பாற்றியிருக்கலாம், இருந்ததே இல்லை என்று ஆக்கியிருக்கலாம். இவனைச் சுட்டால் அதைத் திருத்திச் சொல்ல மேலே குரல் இல்லை.

நான் சுடவில்லை. இதில் கருணை எதுவும் இல்லை. சொல்லாகிவிட முடியாத ஒரு சாவை அந்த ஐந்து மணி நேரத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன்.