முழுகிய கப்பலும் முப்பது மனிதரும்

தோற்ற கதையை யாராவது வாசலில் தோரணமாகக் கட்டித் தொங்கவிடுவார்களா? பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் மார்க்குச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவானா? ஸ்வீடன் தேசத்தார் மாட்டியிருக்கிறார்கள். தலைநகரமான ஸ்டாக்ஹோமில் வெளியூர் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு பார்க்கும் பொருள், புறப்பட்ட அன்றே முழுகிப்போன ஒரு போர்க்கப்பல்!

ஒரு கோடை நாளில் அந்த நகரத்தைச் சுற்றியபோது என்னோடு வந்தவர் ஓர் இஞ்சினீயரிங் மாணவர். மதுரைக்காரர், தெற்கு ஸ்வீடனில் மேல்படிப்புப் படிக்கிறார். இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவர், அன்று இரவு பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும். ஹோட்டல் செலவு மிச்சம்! தோள்பையில் ரொட்டி, அவித்த முட்டை, காலிப் புட்டி ஒன்று. "குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம், ஸார். கடையில் வாங்கினால் நமக்குக் கட்டுபடியாகாது" என்றார். நகர பஸ்ஸில் ரூபாய் நோட்டு மாதிரி எதையும் நீட்டிப் பயனில்லை, காசே வாங்குவதில்லை. எல்லாம் அட்டைதான்.

ஸ்டாக்ஹோம் பதினான்கு தீவுகளின் மேல் பரவிய நகரம். மேற்கே மேலாரன் என்னும் பெரிய ஏரி. கிழக்கே பால்டிக் கடல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊர். பத்து நிமிஷம் நடந்தால் ஒரு பாலம் வந்துவிடுகிறது.

முதலில் நகர மண்டபத்துக்குப் போனோம். ராக்னர் ஊஸ்ட்பெரி என்ற சிற்பி கட்டி, 1923-ல் திறந்தது. சுமார் 80 லட்சம் செங்கல்! அதன் கோபுரம் 106 மீட்டர் உயரம். ஒவ்வொரு டிசம்பர் 10-ம் தேதியும் நோபல் பரிசு விருந்து நடப்பது இங்கேயுள்ள 'நீல மண்டப'த்தில்தான். உள்ளே போய்ப் பார்த்தால் மருந்துக்கும் நீலம் இல்லை. சுவரெல்லாம் செங்கல் சிவப்பு. நீலம் பூசுவதாகத்தான் திட்டம். கட்டி முடியும் சமயத்தில் செங்கல்லின் அழகைப் பார்த்துச் சிற்பி மனம் மாறிவிட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அங்கிருந்து பாலம் கடந்தால் 'காம்லா ஸ்டான்' என்னும் பழைய ஊர். கல் பாவிய சந்துகள். ஒன்றின் அகலம் குறுகிய இடத்தில் வெறும் 90 சென்டிமீட்டர். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊர் நடுவே ஒரு சதுக்கம். காவியும் மஞ்சளும் பூசிய பழைய வீடுகளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தோம். சதுக்கத்தின் ஒரு பக்கம் நோபல் காட்சிசாலை. திருச்சியில் பிறந்த ஸர் சி. வி. ராமன் 1930-லும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-லும் பரிசு வாங்கிக்கொண்டது இந்த நகரத்தில்தான். அதை நினைத்துக்கொண்டு சாப்பிட்ட ரொட்டிக்குத் தனி ருசி!

ஆனால் அதே சதுக்கத்துக்கு ஒரு கோரமான கதையும் உண்டு. 1520 நவம்பரில் டென்மார்க் அரசன் இரண்டாம் கிறிஸ்டியன் ஸ்வீடனைப் பிடித்து, முடிசூட்டு விழாவுக்கு எல்லோரையும் அழைத்தான். விருந்து முடிந்ததும் பிரபுக்களும் பாதிரிமாருமாக 80-க்கும் மேற்பட்டவர்களின் தலையை இங்கே வெட்டினான். தகப்பனாரை அப்படிப் பறிகொடுத்த ஓர் இளைஞர் படை திரட்டி டென்மார்க்கை விரட்டி, 1523-ல் அரசரானார். அவர்தான் குஸ்தாவ் வாஸா. அவருடைய பேரர் குஸ்தாவ் அடால்ஃப் தம் வம்சத்தின் பெயரை ஒரு கப்பலுக்கு வைத்தார். நாங்கள் தேடிப் போனது அந்த 'வாஸா'வைத்தான்.

பழைய ஊரின் தெற்குக் கோடியில் படகு ஏறினால் பத்து நிமிஷத்தில் யூர்கோர்டன் தீவு. படகு போகும் வழியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கப்பல் முழுகியது. 1628 ஆகஸ்ட் 10-ம் தேதி. கரையெல்லாம் ஜனத்திரள். வெண்கலப் பீரங்கிகள் 64. பாயை விரித்துச் சுமார் 1,300 மீட்டர் போயிற்று. ஒரு காற்று அடித்தது, கப்பல் சாய்ந்தது, பீரங்கிக்காகத் திறந்துவைத்த ஜன்னல்கள் வழியே தண்ணீர் புகுந்தது. அவ்வளவுதான்! சுமார் 30 பேர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அதுவரை கப்பலில் ஏறவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

காட்சிசாலைக்குள் நுழைந்ததும் வாய் அடைத்துப்போகிறது. அரை இருட்டில், 69 மீட்டர் நீளத்தில், நூற்றுக்கணக்கான மரச் சிற்பங்களோடு முழுக் கப்பல் நிற்கிறது. 333 வருஷம் தண்ணீருக்குள் கிடந்தது என்றால் நம்ப முடியவில்லை. பால்டிக் கடலில் உப்புக் குறைவு. மரத்தைத் துளைக்கும் கடற்புழு அங்கே பிழைக்காது. அதனால் கப்பல் பிழைத்தது. ஆண்டர்ஸ் ஃபிரான்ஸேன் என்பவர் விடாமல் தேடி 1956-ல் இடத்தைக் கண்டுபிடித்தார். முக்குளிப்பவர்கள் அடியில் ஆறு சுரங்கம் தோண்டி இரும்பு வடம் கோத்தார்கள். 1961 ஏப்ரல் 24-ம் தேதி கப்பல் மேலே வந்தது. காய்ந்தால் மரம் வெடித்துவிடும் என்று 17 வருஷம் மருந்துத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். 1990 முதல் இந்தக் கட்டடத்தில் இருக்கிறது.

"ஏன் முழுகியது?" என்றேன். மாணவர் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காட்டினார். கப்பலில் அகப்பட்ட தச்சர்களின் அளவுகோல்கள். சிலவற்றில் அடிக்கு 12 அங்குலம். அது ஸ்வீடன் கணக்கு. மற்றவற்றில் 11 அங்குலம். அது ஆம்ஸ்டர்டாம் கணக்கு! ஒரு பக்கம் மரம் தடித்து, மறு பக்கம் மெலிந்துபோனதில் ஆச்சரியம் என்ன? மேல்தட்டில் பாரம் அதிகம். அடியில் போதுமான கல் நிரப்ப இடமில்லை. நிரப்பினால் பீரங்கி ஜன்னல்கள் தண்ணீரைத் தொட்டுவிடும்.

இது யாருக்கும் தெரியாதா? தெரியும் என்பதுதான் சோகம். புறப்படுவதற்கு முன்பே கப்பலின் மேல்தட்டில் 30 ஆட்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று தடவை ஓடியதும் கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, கூட இருந்த கடற்படைத் தலைவர் கிளாஸ் ஃபிளெமிங் நிறுத்தச் சொல்லிவிட்டார். அரசர் ஊரில் இல்லையே என்று மட்டும் அவர் குறைப்பட்டுக்கொண்டதாக விசாரணையில் சாட்சி வந்தது. அரசரோ போர்முனையிலிருந்து, 'கப்பல் எங்கே?' என்று கடிதத்தின் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். யார் சொல்வது? ஒருவரும் சொல்லவில்லை. கட்டிய தலைமைத் தச்சர் முந்திய வருஷமே இறந்துபோயிருந்தார். மற்றவர்கள், 'அரசர் ஒப்புக்கொண்ட அளவுப்படியே கட்டினோம்' என்றார்கள். அரசரை யார் கேட்பது? ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

மாணவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எங்கள் பேராசிரியர் கொடுத்த கணக்கில் ஒரு பிழை இருக்கிறது, ஸார். இரண்டு வாரமாகத் தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான்..." என்று இழுத்தார்.

"இங்கே வாத்தியாரைப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறீர்கள்?"

"கூப்பிடுகிறார்கள். எனக்குத்தான் நாக்கு எழவில்லை!"

அதுவும் ஒரு கதை. முன்பெல்லாம் ஸ்வீடனில் பட்டத்தைச் சொல்லாமல் பெரியவர்களிடம் பேச முடியாது. 'டாக்டர் காப்பி சாப்பிடுகிறாரா?' என்று எதிரில் இருப்பவரிடமே படர்க்கையில் கேட்பார்கள். 1967-ல் மருத்துவ இலாகாவின் தலைவராக வந்த புரூர் ரெக்ஸெட் என்பவர், 'என்னைப் பெயர் சொல்லி, நீ என்றே கூப்பிடுங்கள்' என்று சிப்பந்திகளிடம் அறிவித்தார். தேசமே அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று மாணவன் பேராசிரியரை 'நீ' என்கிறான். தொழிலாளி முதலாளியை 'நீ' என்கிறான். ராஜ குடும்பத்துக்கு மட்டும் விலக்கு. மரியாதை குறைந்ததாக அங்கே யாரும் வருத்தப்படவில்லை. தப்பைத் தப்பு என்று சொல்ல நாக்குக்கு ஒரு தடை குறைந்திருக்கிறது.

வெளியே வந்தபோது மாலை ஏழு மணி. கோடையில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் போவதில்லை. பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து மாணவர் கடிதம் எழுதத் தொடங்கினார். கணக்கைப் பற்றி எழுத ஐந்து நிமிஷம்தான் பிடித்தது. பேராசிரியரின் பெயரை மொட்டையாக எழுதி ஆரம்பிப்பதற்குத்தான் கால் மணி நேரம் ஆயிற்று!